போ என்று சொல்வதற்கு முன்னால்

தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்த இடிந்த சர்ச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்திருப்பீர்கள். நானும் எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்பினால், கொஞ்சம் தள்ளி ஓலைக் குடிசை வாசலில் ஒரு அம்மா சங்கும் சோழியும் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். எதையும் வாங்கப்போவதில்லை என்ற குற்ற உணர்ச்சியில் பேச்சுக் கொடுத்தேன்.

"இங்கேயேவா இருக்கீங்க? இல்ல, ராமேஸ்வரத்துலேர்ந்து வந்துட்டுப் போறீங்களா?"

"இங்கதான். வேற எங்க?"

"இது ஆள் இருக்கக் கூடாத இடம்னு கவர்மென்ட் எப்பவோ சொல்லிடுச்சே அம்மா..."

"சொல்லிச்சு தம்பி. எங்க போறதுன்னு சொல்லல."

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி ஸ்டேஷனைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அலையோடு போய்விட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்களுக்காவது ஒரு கணக்கு இருந்தது. வாங்காமல் ஏறியவர்களின் கணக்கு கடலோடு சரி. விடிந்து பார்த்தால், சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கிக்கொண்டிருந்த ஊர், மணலுக்கும் தண்ணீருக்கும் அடியில் கிடந்தது.

அதே புயலில் பாம்பன் ரயில் பாலமும் நொறுங்கியது. அதைச் சரி செய்ய முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர், கடலுக்குள் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து மாட்டி, 46 நாட்களில் ரயிலை ஓட்டிக் காட்டினார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன்தான். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளம் போடவில்லை. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது அன்றைய சென்னை மாகாண அரசு.

நான் அந்த அதிகாரியின் நாற்காலியில் இருந்திருந்தால் அதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பேன். இருபுறமும் கடல், நடுவில் ஒரு மணல் திட்டு. அங்கே மறுபடி ஊர் கட்டிக் கொடுப்பது அடுத்த புயலுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பது போல.

ஆனாலும் ஜனங்கள் திரும்பி வந்தார்கள். ஏன்? ஒரு பக்கம் ஆண்கடல், இன்னொரு பக்கம் பெண்கடல் என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒன்று சீறினால் மற்றது சும்மா இருக்கும். வலையைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனால் அன்றைய பாடு நடந்துவிடும். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டினால் குடிக்கத் தண்ணீர் ஊறும். கரைவலைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அரசாங்கமோ தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டது. வெளியேற்றவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கரன்ட் கொடுத்தால் ஆள் சேரும், ஆள் சேர்ந்தால் அடுத்த புயலில் சாவார்கள், அந்தப் பழி யாருக்கு? இந்த வாதத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு பள்ளிக்கூடமும் சோலார் விளக்கும் வந்து சேரவே பல பத்தாண்டுகள் ஆயின. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டார்கள். பகலில் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போகிற எனக்கும் உங்களுக்கும்தான் அது முதலில் பயன்பட்டது. ராத்திரி தங்குகிறவன்தான் பிரச்னை.

சுனாமிக்குப் பிறகு இதையே கொஞ்சம் திருத்தமாகச் செய்தார்கள். 2005-ல் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர் அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் பெறுமான புது வீடு இலவசம். பழைய இடத்தை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போக மாட்டேன் என்றால் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போவதில்லை. உன் செலவில் நீ ரிப்பேர் செய்துகொள், உதவி கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கையில் ஒன்றுமே மிஞ்சாதவனிடம் 'உன் இஷ்டம்' என்று சொல்வது எந்த அளவுக்கு இஷ்டம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதே சமயத்தில் இலங்கையில் தெற்கே 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று கோடு கிழித்தார்கள். மீனவர் குடிசையைத் தடுத்த கோடு ஓட்டல்காரர்களைத் தடுக்கவில்லையே என்று அங்கே பெரிய சண்டை நடந்தது.

சரி, ஆபத்தான இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் விதி என்றால், அந்த விதி எல்லோருக்கும்தானே? 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 82 சென்டிமீட்டர்தான். கண்மாய் நிறையுமா என்று வானத்தைப் பார்த்தே பழகிய ஜில்லாவில், வீட்டுக்குள் வந்த தண்ணீரை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார்கள். ராமேஸ்வரம் வாழத் தகுதியற்றது என்று யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

இன்னும் கிட்டே வருகிறேன். 2015 டிசம்பரில் வேளச்சேரி தெருக்களில் படகு ஓடியது. தண்ணீர் வடிந்ததும் நாமெல்லாம் சோபாவை வெயிலில் காய வைத்துவிட்டு அதே வீட்டுக்குள் போனோம். வடிகால் சரியில்லை என்று கார்ப்பரேஷனைத் திட்டினோம். ஆனால் அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களை, நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள் என்று லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர்தான்.

நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டின் பத்திரத்தில் ஏரி என்ற வார்த்தையே கிடையாது. தெருப் பெயர் மட்டும் ஏரிக்கரைத் தெரு. பாங்க் லோன் கொடுத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டா இருப்பவன் ஆபத்தில் இருந்தால் அவன் 'பாதிக்கப்பட்டவன்'. பட்டா இல்லாதவன் அதே ஆபத்தில் இருந்தால் அவனே ஆபத்துக்குக் காரணம். தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் யாரையுமே போகச் சொல்லக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ரயிலில் போனவர்களை நினைத்தால் சொல்ல வாய் வராது. சாகப்போகிறவனை இழுத்தாவது காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் அது ஒரு ராத்திரிக்கு. ஆயுசு முழுவதற்கும் போ என்று சொல்கிறவருக்கு, போகிற இடத்தில் வலையை எங்கே காயப்போடுவது என்பதையும் சேர்த்துச் சொல்லும் கடமை இருக்கிறது. பாலத்துக்கு 46 நாள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியாமல் போகாது.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் பேசவில்லை. புயல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"பாம்பன்ல கூண்டு ஏத்துனா ராமேஸ்வரம் போயிருவோம். மறுநா வந்து கூரையைத் தேடுவோம்" என்றார், மழைக்குத் துணி எடுப்பதைச் சொல்வது போல. ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஊற்றுத் தண்ணீர். உப்பே இல்லை.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சென்னைம்மா."

"ஆத்தாடி, அங்கதான தெருவுல படகு விட்டாங்க? செல்லுல காமிச்சாங்க."

"ஆமாம்மா."

"பாத்து இருந்துக்கங்க தம்பி" என்றார்.