44 நாள் தீர்ப்பு

கால்பந்தாட்ட ரசிகர்கள் கூடும் இடங்களில் என்றும் தீராத வழக்கொன்று உண்டு. தங்கள் கழகத்திற்கு வாய்த்த மேலாளர்களுள் மிக மோசமானவர் யார் என்பதே அது. பொழுதுபோக்காகத் தோன்றும் இவ்வழக்கினுள் அறவினா ஒன்று மறைந்து கிடக்கிறது. ஒருவர் தோற்றால், அத்தோல்வி அவருடைய தகுதிக்கு உரைகல் ஆகுமா?

இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கால்பந்துக் கழகத்தாரிடையே இவ்வழக்கு எழும்போது அடிபடும் பெயர்களுள் ஒன்று பிரையன் கிளஃப். அவ்வாண்டின் லீக் வாகை சூடியிருந்த அக்கழகத்தின் பொறுப்பை 1974ஆம் ஆண்டு ஜூலையில் ஏற்ற அவர், 44 நாட்களிலேயே நீக்கப்பட்டார். அதற்குள் நடந்த 6 லீக் ஆட்டங்களில் வென்றது ஒன்றே. எண்களை மட்டும் நோக்கின் தீர்ப்பு எளிது.

ஆனால், இரண்டாம் பிரிவில் கிடந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகத்தை 1975 ஜனவரியில் ஏற்றவரும் அவரே. 1978இல் அக்கழகம் இங்கிலாந்தின் லீக் வாகை சூடியது. 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஒரே மனிதர் ஓரிடத்தில் இகழப்பட்டார், மற்றோரிடத்தில் போற்றப்பட்டார். எது உண்மை?

லீட்ஸ் ஆட்டக்காரர்கள், 1961 முதல் 13 ஆண்டுகள் மேலாளராக இருந்த டான் ரெவியின் கையில் உருவானவர்கள். அவர்களுடைய ஆட்டமுறையைக் கிளஃப் முன்னரே வெளிப்படையாகப் பழித்திருந்தார். பொறுப்பேற்ற பின்பும், அவர்கள் பெற்ற பதக்கங்களைக் குப்பையில் எறியச் சொன்னாராம். நாவைக் காவாத குற்றம் அவருடையதே. ஆயினும், அவருடைய பழிச்சொற்களை அறிந்திருந்தும் அவரையே அழைத்துவந்த இயக்குநர்களுக்கு இதில் பங்கில்லையா? அவருக்கு வலக்கையாக இருந்த பீட்டர் டெய்லர் லீட்சுக்கு உடன் வரவில்லை. 1976இல்தான் ஃபாரஸ்டில் வந்து சேர்ந்தார். வினையையும் கருவியையும் ஆளையும் ஒருங்கே ஆராய்ந்த பின்னரே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது, 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. லீட்சில் பிழைபட்டது அந்த ஆராய்ச்சியே.

பொறுப்பேற்றவர்தாமே பழியையும் ஏற்க வேண்டும் என்பார் உளர். உண்மை, பதவிக்குரிய பழியை அவர் ஏற்கத்தான் வேண்டும். கிளஃப் பதவியை இழந்தார். ஆனால், பதவியின் மீது எழுந்த தீர்ப்பை மனிதர் மீதும் நீட்டுவது அறமன்று.

1993இல் ஃபாரஸ்ட் கழகம் தோல்விகளால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. அப்போதும் மேலாளர் கிளஃபே. எனினும் ரசிகர்கள் அவரை அன்பு பொங்க ஆரவாரித்து வழியனுப்பினர். தோல்வியை அவர்கள் மறுக்கவில்லை. அவருடைய 18 ஆண்டு உழைப்போடு சேர்த்து அதனை எடை போட்டார்கள்.

ஓர் ஊரில் வேர் பிடிக்காமல் மற்றோர் ஊரில் தழைத்த குடும்பங்கள் நம்மிடையே பல. ஆகவே, ஒருவரை 'எதற்கும் உதவாதவர்' என்று முத்திரை குத்துமுன் நாமேனும் சற்றுத் தயங்குதல் வேண்டும். அவரை அளக்க நாம் எடுத்துக்கொண்டது 44 நாட்களையா, 18 ஆண்டுகளையா?