மூலவரும் உற்சவரும்

பேராக்கில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாயிருந்த ஓரிடத்தில், லயங்கள் மறைந்த பின்னும் எஞ்சி நிற்கும் மாரியம்மன் கோயிலுக்கு இணையத்தளம் அமைக்க முற்பட்டபோது என் மனத்தை ஆட்கொண்ட கேள்வி மிகப் பழையது: வஸ்து ஒன்றாயிருக்க, ரூபங்கள் பலவாவது எங்ஙனம்?

1979-இல் நார்வே நாட்டு டிரிக்வே ரீன்ஸ்காக், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்தபோது வகுத்த மென்பொருள் அமைப்பு முறைப்படி, தரவைத் தாங்கும் மாடல், அதைக் காட்டும் வியூ, பயனரின் வேண்டுகோளை ஏற்று நடத்தும் கன்ட்ரோலர் ஆகிய மூன்றும் தனித்தனியே நிற்க வேண்டும். நானோ உபயகாரர் பட்டியலைத் திருவிழாப் பக்கத்தில் ஒருமுறையும் ரசீதுப் பக்கத்தில் மற்றொரு முறையும் எழுதிவைத்தேன். ஒருவர் தம் ஐந்தாம் நாள் உபயத்தை ஏழாம் நாளுக்கு மாற்றிக்கொண்டதும் ஒரு பக்கம் திருந்திற்று, மறுபக்கம் பொய்யுரைத்தது. பட்டியல் மாடலுக்குள் சென்றமர்ந்த பிறகே, ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஒரு கோப்புறையாகப் பிரித்து வைத்த பக்கங்களெல்லாம் ஒரே செய்தியைக் காட்டலாயின.

நம் ஆலயங்களிலும் மூலவர் பொதுவாகக் கர்ப்பக்கிருகத்தை விட்டு அசைவதில்லை. அலங்காரம் பல பூண்டு வீதிக்கு எழுந்தருள்பவர் உற்சவரே. ஆயினும் இவ்வுவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது; அவ்விடமே எனக்கு அருமையானது. வியூவில் இருப்பது மாடலின் பிரதிபிம்பம் மாத்திரமே. உற்சவரிடமோ சாந்நித்தியம் பூரணமாக உண்டென நம்புகிறோம். அதனாலன்றோ, தைப்பூசத்தின்போது ஈப்போ வீதியில் ரதம் தன் வாசலை அடைகையில், கல்லுமலைக் கோயிலுக்குச் செல்ல இயலாத முதியவள் அங்கேயே தேங்காயை உடைத்துக் கண்ணீர் மல்க நிற்கிறாள்.