ஒரு முழு நிமிஷம்

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, என் வீட்டுக்குப் பின்புறம் எட்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. மூன்றாவது வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த இளம் தம்பதி. அவர்களுடைய பெண்குழந்தைக்கு அன்று ஏழாம் நாள். நர்சம்மா வந்திருந்தார். என் அரைகுறை இந்தி உதவும் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

தூளிபோல் துணி மாட்டிய கைத்தராசில் குழந்தையைத் தூக்கி எடை பார்த்தார். அக்குளில் வெப்பமானி வைத்தார். தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று வாசல் வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். பால் குடிக்கும்போது வாய் எப்படிப் பிடிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். எல்லாம் மளமளவென்று நடந்தது.

பிறகு சட்டையை விலக்கி, குழந்தையின் வயிற்றைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். ஒரு கண் கைக்கடிகாரத்தில்.

இரவு ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு நின்றிருந்த தகப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலை லைனில் கற்ற தமிழில், "ஆச்சா அக்கா?" என்றான். அவர் விரலை உயர்த்தி அடக்கினார். அவனுடைய ஸ்டேஷனில் சைக்கிள் டைம் ஐம்பத்தெட்டு நொடி என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். அதற்குள் நான்கு போல்ட் முடுக்கிக் குறியிட்டு அனுப்பிவிட வேண்டும். அப்படிப்பட்டவன் கண்முன்னே, ஒருவர் ஒரு முழு நிமிஷத்தை வெறுமனே பார்ப்பதில் செலவழித்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தாறு. ஒண்ணுமில்ல, நல்லாருக்கா."

அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஆகாதா என்று கேட்டேன். "பச்சப்புள்ள மூச்சு சார். ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். பாதி பாத்தா பாதிதான் தெரியும்" என்றார்.

நிமிஷத்துக்கு அறுபதைத் தொட்டால் மீண்டும் எண்ண வேண்டும். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் தாமதமின்றி மருத்துவமனை. அறுபது என்றால் நொடிக்கு ஒரு மூச்சு. அந்தக் கோட்டுக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பதை அறிய ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும்.

சென்னை மாகாணத்தின் 1926ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சியரையும் சேர்த்தே பெயரில் வைத்திருந்தது. அன்று மருத்துவச்சி என்றால் பிள்ளையைக் கையில் ஏந்துபவள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். ஏந்தும் வேலை அங்கே போய்விட்டது. ஆனால் சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுகிறார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால்வாசி முதல் வாரத்திலேயே போய்விடுகின்றன. மருத்துவமனைக் கதவுக்கும் வீட்டுத் தூளிக்கும் இடையிலுள்ள இந்த நாட்கள்தான் இன்றைய நர்சம்மாவின் களம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கு இந்தப் பார்வையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரம் பிறப்புக்கு 62ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 25ஆகக் குறைந்ததை 1999இல் உலகுக்கு அறிவித்தார்கள். 2011இல் நாடு முழுக்க வந்த வீடுதேடிப் பார்க்கும் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்கள் குறிக்கப்பட்டன. பிரிட்டனிலும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 72 மணி நேரத்துக்குள் குழந்தையின் கண், இதயம், இடுப்பு மூட்டு எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் அதே சோதனை மறுபடியும் நடக்கிறது. முதல் நாள் தெரியாதது பிறகு தெரியவரலாம்.

இந்த வருகைகளில் பெரும்பாலானவை 'ஒண்ணுமில்ல' என்றுதான் முடிகின்றன. அப்படியானால் வந்ததெல்லாம் வீண்நடையா?

அந்த வரிசை வீட்டில் ஒரு வாரமாக எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். குழந்தை தும்மினால் வீட்டுக்காரம்மா சொன்னார், ஒண்ணுமில்ல. இரவெல்லாம் அழுதது என்றபோது நானும் சொன்னேன். ஊரிலிருந்து பாட்டி போனில் சொன்னாள். எங்கள் யாருடைய சொல்லும் அந்தத் தாயின் முகத்தைத் தெளிவிக்கவில்லை. நாங்கள் குழந்தையைப் பார்க்காமல், அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னோம். நர்சம்மா சொன்னதும் தெளிந்தாள். மொழிகூடப் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை அவளும் கூடவே பார்த்திருந்தாளே.

ஆறுதல் யார் வாயிலிருந்தும் வரும். அதை உண்மையாக்க, சொல்பவர் முதலில் தன் நேரத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

அன்றிரவு அவன் மறுபடி ஷிப்டுக்குப் போனான். பின்சுவருக்கு அப்பால் விளக்கு எரிந்தது. தாழ்ந்த குரலில் அவள் எண்ணுவது கேட்டது: ஏக, துயி, தினி... நாற்பத்து சொச்சத்தில் நின்றது. விளக்கு அணைந்தது.