மாற வேண்டியவர் யார்?

ஒருவருடைய தகுதியை அறிவதற்கு அவருடைய முகத்தைப் பார்த்தால் போதுமா? இக்கேள்வியை எவரிடம் கேட்டாலும் "போதாது" என்றே விடை கூறுவர். மேடையில் நின்று கேட்டால் இன்னும் உரத்த குரலில் கூறுவர். ஆயினும் காரியாலயத்திலும், கல்யாணப் பேச்சிலும், கடைவீதியிலும் நாம் நடந்துகொள்ளும் முறை வேறாக இருக்கின்றது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே கிடக்கும் இத்தூரத்தைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றேன். ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் பெரிய சாஸ்திரம் அன்று. ஒரு தொலைக்காட்சிக் கதை. அற்பப் பொருள் என்று நேயர்கள் அதனைத் தள்ளிவிட வேண்டா. நாம் எதைக் கண்டு சிரிக்கின்றோம் என்பதிலே நம்முடைய ஒழுக்கம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்தில் பெர்னாண்டோ கைத்தான் என்பவர் எழுதிய தொடர் ஒன்று 1999 முதல் 2001 வரை நடைபெற்றது. கல்வியிற் சிறந்த ஒரு பெண், அழகில்லாதவள் என்ற காரணத்தால் ஏற்ற வேலை கிடைக்காமல், ஆடை அலங்கார நிறுவனம் ஒன்றில் காரியதரிசியாக அமர்கின்றாள். அழகையே வியாபாரம் செய்யும் இடத்தில் அழகில்லாத ஒருத்தி படும் பாடே கதை. இக்கதை பல தேசங்களுக்குப் பரவியது. 2003 இல் பம்பாயில் "ஜஸ்ஸி ஜைஸி கோயி நஹீன்" என்ற பெயரோடு இந்தி மொழியில் எழுந்தது. 2006 வரை நடந்தது. அதே 2006 இல் நியூயார்க் நகரத்து நாகரிகப் பத்திரிகைக் காரியாலயம் ஒன்றைக் களமாகக் கொண்டு "அக்லி பெட்டி" என்று அமெரிக்காவில் தோன்றி, 2010 இல் நிறைவுற்றது. "அழகற்ற பெட்டி" என்பது அப்பெயரின் பொருள்.

அமெரிக்கக் கதையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். பத்திரிகை முதலாளியின் மகன் பெண்கள் விஷயத்தில் கட்டுப்பாடில்லாதவன். அவன் மனம் செல்லாதபடி இருக்கும் ஒருத்தியே அவனுக்கு உதவியாளாக வேண்டுமென்று தந்தை தேடுகின்றார். பல்லிலே கம்பியும் கண்ணிலே கண்ணாடியுமாக நின்ற பெட்டி அகப்படுகின்றாள். அவளுடைய அறிவுக்காக அவ்வேலை கிடைக்கவில்லை, அழகில்லாமைக்காகக் கிடைத்தது. புகழ்ந்தாலும் முகம், இகழ்ந்தாலும் முகம், இரங்கினாலும் முகம்! அறிவு என்ற ஒன்று கணக்கிலேயே வரவில்லை.

இனி என் கதைக்கு வருகின்றேன். நான் கெலாங் பாத்தாவிலே வளர்ந்தவன். 1998 இல் திறக்கப்பெற்ற இரண்டாம் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று, ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். அந்த ஆங்கிலம் எனக்குச் செம்பனைத் தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணி நாற்காலியைத் தந்தது. அதனோடு கூடச் சிறிது செருக்கையும் தந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தபோது, தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் கணக்கியல் படித்துவிட்டு இளைய கிராணியாக வந்து சேர்ந்தார். கறுத்த மேனி, சற்றே முன்வந்த பற்கள், எண்ணெய் தடவிப் பின்னிய ஒற்றைச் சடை. கையில் எப்பொழுதும் ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி. வந்த முதல் வாரத்திலேயே நான் அவருக்குப் "பெட்டி" என்று பெயர் சூட்டினேன். சாப்பாட்டுப் பெட்டியை நினைத்து வைத்த பெயர் என்று அவர் எண்ணிக்கொண்டார். புன்னகையோடு ஏற்றும் கொண்டார். அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்த நாங்கள் நால்வரும் வேறு விதமாகச் சிரித்தோம்.

அவரோ கணக்கிலே வல்லவர். தொழிலாளர்களின் மிகைநேரச் சம்பளத்தில் மூன்று மாதமாக விழுந்து வந்த ஒரு குறைவைக் கண்டுபிடித்தவர் அவரே. ஆயினும் மேலதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, உள் அறையில் கோப்புகளை அடுக்கும்படி அவரை அனுப்பிவிட்டு, அவர் எழுதிய கணக்கை நான் நின்று விளக்கினேன். எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. நானும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை அவர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். "அண்ணே, அந்தக் கதையை நேற்றுப் பார்த்தேன். எனக்குப் பெயர் வைத்தது நீங்கள்தானாமே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு மறுமொழி இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார். அம்மாத முடிவில் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அண்மையில் அத்தொடரை மீண்டும் முதலிலிருந்து பார்த்தேன். முன்பு நான் கண்டு சிரித்த இடங்களில் இப்பொழுது சிரிப்பு வரவில்லை. அக்காரியாலயத்தில் மார்க், அமாண்டா என்ற இருவர் பெட்டியை ஓயாமல் ஏளனம் செய்கின்றனர். அவ்விருவரிடத்தும் நான் என்னையே கண்டேன். அன்பைப் போதிக்க எழுதப்பட்ட கதையிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஓர் இழிபெயர் மட்டுமே என்பதை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வேடிக்கையாகச் சொன்னதற்கு இவ்வளவு விசாரணையா? நகைச்சுவை இல்லாத காரியாலயம் சுடுகாடு அல்லவா?" என்று வினவுவோர் உளர். நகைச்சுவை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு ஓர் உரைகல் உண்டு: சிரிக்கப்படுகின்றவர் திருப்பிச் சிரிக்க முடியுமா? எங்கள் மேனேஜருக்கு நாங்கள் எவரும் அவர் முகத்துக்கு நேரே பட்டப்பெயர் வைத்ததில்லை. மேலே நோக்கி வாய் மூடியும், கீழே நோக்கி வாய் திறந்தும் நாம் செய்வதற்கு வேடிக்கை என்ற பெயர் பொருந்துமா? அது பலம் பார்த்து அடிக்கும் அடியே அன்றோ!

பம்பாய்க் கதைக்கும் நியூயார்க் கதைக்கும் உள்ள ஒரு வேற்றுமை இங்கே கருதத்தக்கது. ஜஸ்ஸியாக நடித்த மோனா சிங்கின் உண்மையான முகத்தைத் தொலைக்காட்சி நிலையத்தார் நெடுநாள் மறைத்து வைத்திருந்தனர். கதையின் பின்பகுதியில் கண்ணாடியும் பற்கம்பியும் நீங்க, ஜஸ்ஸி அழகியாகத் தோன்றினாள், ஊரே வியந்தது. முகம் முக்கியமன்று என்று பல நூறு நாள் உபதேசித்த கதை, இறுதியில் முகத்தை மாற்றியே தன் நாயகியை உயர்த்தியது. நியூயார்க் கதையில் பெட்டியின் பற்கம்பி காலம் வந்தபோது கழன்றது, அவ்வளவே. அங்கே பெரிதும் மாறியவர்கள் அவளைச் சுற்றியிருந்தவர்கள். ஏளனம் செய்த மார்க்கும் அமாண்டாவும் நண்பர்களாயினர். பெட்டி தன் திறமையால் லண்டன் மாநகரில் ஒரு பத்திரிகையை நடத்தச் சென்றாள். கடைசிக் காட்சியில், தொடரின் பெயரிலிருந்து "அழகற்ற" என்ற சொல் மறைந்து, "பெட்டி" என்ற பெயர் மாத்திரம் நிற்கின்றது.

நம்மவரிடையே இந்நோய் இன்னும் ஆழமானது, நிறத்தோடு பிணைந்தது. 1975 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த "பேர் அண்ட் லவ்லி" என்ற முகப்பூச்சு, சிவந்த நிறமே வாழ்வு தரும் என்று இரண்டு தலைமுறைக்குக் கற்பித்தது. 2009 இல் சென்னையில் "விமன் ஆப் வொர்த்" என்ற அமைப்பினர், கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கினர். 2020 இல் அம்முகப்பூச்சு "குளோ அண்ட் லவ்லி" எனப் பெயர் மாறியது. குப்பியின் மேல் பெயர் மாறிவிட்டது. வாங்குகின்ற நம் மனத்தின் மேல் எழுதியிருப்பது மாறிற்றா?

சட்டம் இதைத் திருத்தும் என்று காத்திருப்பதும் வீண். மலேசிய அரசியலமைப்பின் 8 ஆம் பிரிவு, சமயம், இனம், மரபு, பிறப்பிடம் ஆகியவற்றால் வேற்றுமை காட்டலாகாது என்கின்றது. 2001 இல் ஆண் பெண் என்ற வேற்றுமையும் அதில் சேர்க்கப்பட்டது. முகத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. சட்டம் எட்டாத இடத்தில் மனச்சாட்சிதான் காவல் நிற்க வேண்டும்.

தன்னைத் திருத்தமாக வைத்துக்கொள்வது தவறன்று. ஆனால் மரியாதை பெறுவதற்கு விலையாக முகத்தை மாற்று என்று ஒருவரிடம் கேட்பது அநீதி. முகம் அவர் செய்துகொண்டதன்று. பார்வையோ நாம் நாள்தோறும் செய்துகொள்வது. ஆகவே மாற வேண்டியவர் யார் என்பதில் வழக்கே இல்லை.

அப்பெண் இப்பொழுது பாலத்துக்கு அப்பால் வேலை செய்வதாகக் கேள்வி. அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இக்கட்டுரை அதற்கு ஈடாகாது என்பதையும் அறிவேன். என்றேனும் எதிர்ப்பட்டால், பெற்றோர் அவருக்கு இட்ட பெயரைச் சொல்லி அழைத்துக் கேட்பேன். தோட்டத்திலும் பட்டணத்திலும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் போன்ற அன்பர்கள், நாளைக் காலையில் புதிதாக வந்து நிற்கும் ஒருவரை, முகத்தை அளப்பதற்கு முன் பெயரைக் கேட்டு, அப்பெயராலேயே அழைப்பார்களாக.