காணாததை வனையலாமோ?

கண்ணாற் காணாத ஒன்றனைக் கண்டதுபோல உருவமைத்துக் காட்டுதல் பொய்யாகுமோ என்னும் வினா, எம் பாடசாலைக் கண்காட்சியிலே எழுந்தது. வினாவை எழுப்பியவர் உடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர். விடைகூறப் புகுந்து இடறியவன் யான். அவ்விடறலை நம் சைவாசிரியர்களுக்கு ஒளியாது உரைத்தல் நலமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

பதுளையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், டைனோசர் என்னும் பழம்பிராணியொன்றின் உருவத்தைக் கணனியிலே வனைந்து கொணர்ந்தான். கையிலே களிமண் இல்லை. பிளெண்டர் என்னும், விலையின்றிப் பெறத்தக்க மென்பொருளைக் கொண்டு, திரையிலுள்ள உருண்டையொன்றை அழுத்தியும் இழுத்தும் குடைந்தும், சிற்பி செய்யுந் தொழிலனைத்தையும் அவன் செய்திருந்தான். அப்பிராணி சைனோசோரொப்டெரிக்ஸ் எனப்படும். சீன தேசத்து லியாவோனிங் மாகாணக் கல்லிலே, இழையிறகின் சுவடு உடலைச் சூழ்ந்திருக்க, அது கிடைத்த செய்தி 1996இல் உலகறியலாயிற்று. மாணவன் வனைந்த உருவத்தின் நெடிய வாலிலே செங்கபிலமும் வெண்மையும் மாறிமாறி வளையமிட்டிருந்தன. நண்பர் அதனை நோக்கி, "12 கோடி ஆண்டுக்கு முன்னிருந்ததன் நிறத்தை இவன் எங்ஙனங் கண்டான்? சைவப் பிள்ளைகளுக்குப் பொய்யைக் காட்டலாமோ?" என்றார்.

யான் விரைந்து மாணவனை அழைத்து, "இறகையும் நிறத்தையும் நீக்கிவிடு, அறியாததைக் கூறாமை அறம்" என்றேன். மறுநாள் அவன் கொணர்ந்த உருவம் இறகின்றி, வெறுந்தோலோடு, சாம்பல் நிறமாய் நின்றது. "ஐயா, சாம்பலும் ஒரு நிறந்தானே? இறகில்லை என்று காட்டுவதும் ஒன்றைச் சொல்வதுதானே? இறகு இருந்ததற்குச் சுவடு கிடைத்திருக்கிறதே" என்றான். யான் வாயடைத்து நின்றேன்.

அவன் கூறியது முற்றிலும் உண்மை. நாவினாற் பேசுவோன் 'போலும்' என ஒரு சொற் சேர்த்துத் தன் ஐயத்தை அறிவிக்கலாம். அறியாதவிடத்து வாளாவிருக்கவும் செய்யலாம். உருவம் வனைவோனுக்கு அவ்விரண்டும் இல்லை. கண்ணை அமைத்தால் அதற்கொரு நிறம் வேண்டும். தோலை அமைத்தால் அது மூடியதோ மூடாததோ ஆதல் வேண்டும். யான் அடக்கமென்று எண்ணி அவனைச் செய்வித்தது, கிடைத்த சான்றுக்கு மாறானதொரு கூற்றேயாயிற்று.

அளவையிலக்கணத்தைச் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலே கற்ற நாம் இதிலே மயங்கியது வியப்பு. காட்சி, கருதல், உரை என மூன்றனையும் ஏற்கும் நமக்குக் காட்சியொன்றே மெய்யென்னும் உலகாயதன் வாதம் உடன்பாடன்று. லயத்துக் கூரையின்மேற் புகையெழக் கண்டு உள்ளே அடுப்பெரிதலை அறிகின்றோம். எரிந்ததைக் கண்டாமல்லேம், ஆயினும் அது பொய்யன்று. ஆனால் அடுப்பின்மேல் இருப்பது சோறோ ரொட்டியோ என்பதைப் புகை கூறாது. நண்பர் புகையையும் மறுத்தார். ஆர்வமிக்க சிலரோ புகையைக் கொண்டு கறியின் சுவையையுங் கூறப் புகுவர்.

இவ்வுருவத்திலே அடுப்பு எவ்வளவு, கறி எவ்வளவு என்று ஆராயப் புகுந்தேன். எலும்பு காட்சிக்கு உரியது. தசை பற்றியிருந்த தழும்பு எலும்பிலே இருத்தலாலும், முதலை, பறவை என்னும் இரு சுற்றத்தாரும் இன்றும் உளராதலாலும், தசை கருதற்கு உரியது. நிறமோ எனின், ஆண்டுதான் யானும் நண்பரும் தோற்றோம். 2010ஆம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர் அவ்விழைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து, மெலனின் என்னும் நிறப்பொருளைத் தாங்கிய நுண்சிமிழ்களின் வடிவத்தைக் கண்டனர். இக்காலப் பறவைகளிலே நீண்ட சிமிழ் கருமைக்கும் உருண்ட சிமிழ் செம்மைக்கும் உரியன. அவ்வொப்புமையாற் பெற்றதே வாலின் செங்கபில வளையம். அவை சிமிழல்ல, பற்றீரியா என்று மறுத்தோரும் உளர். ஆதலின் இது உறுதி மிக்கதாயினும் முடிந்த முடிபன்று. உணவினால் வரும் மஞ்சள் முதலிய நிறங்கள் கல்லிலே எளிதில் எஞ்சுவனவல்ல. பிராணியின் குரலும் கண்ணின் நிறமும் வெறுங் கற்பனை.

பிழை வேறு, பொய் வேறு. 1854இல் இலண்டனை அடுத்த சிடன்ஹாமிலே வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி இகுவானோடன் என்னும் பிராணியைப் பேருருவாகச் சமைத்து, அதன் கைப்பெருவிரல் முள்ளை மூக்கின்மேற் கொம்பாக வைத்தார். 1878இல் பெல்ஜியத்துச் சுரங்கமொன்றிலே முழுவெலும்புக்கூடுகள் பல அகப்பட்ட பின்னரே அம்முள் தன் இடத்தை அடைந்தது. ஹாக்கின்சைப் பொய்யரென்று யார் கூறுவர்? அவர் குறை, சமைத்த பொருள் இறுகியமை ஒன்றே. அக்கொம்பு இன்றும் அங்கேயே நிற்கின்றது. கணனியில் வனைந்ததையோ நாளை திருத்தலாம். ஆனால் வெலோசிராப்டர் என்னும் பிராணியின் முன்கை எலும்பிலே இறகு பதிந்த முண்டுகள் உளவென 2007இல் அறிவிக்கப்பட்ட பின்னும், 2015இல் வந்த ஜுராசிக் வேர்ல்ட் என்னும் திரைப்படம் அதனை வெறுந்தோலோடே காட்டியது. பழகிய உருவத்தைச் சுவைஞர் விரும்புவர் என்று சான்றை ஒதுக்குதல் பிழையன்று.

திரைப்படத்தாரைக் குறைகூறும் யான் என் குற்றத்தை மறைத்தலாகாது. ஊவாவின் மலைப்பாறை, டைனோசர் தோன்றுமுன்னரே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது; அதனுள் அவ்வெலும்பைத் தேடுதல் வீண். ஆதலின், தமிழகத்து அரியலூர்ப் பகுதிக் கல்லமேட்டிலே கிடைத்த, பெரிய உடல் என்னும் பொருளில் வடமொழிப் பெயரிட்ட, புருகத்காயோசோரஸ் என்பதை வனையுமாறு மாணவனைத் தூண்டினேன். "உலகிலே தமிழ்நிலத்துப் பிராணியே பெரிதென்று காட்டு" என்றுங் கூறினேன். அவன் அதைப் படித்து வந்து சொன்னவை: 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியலாளர் விளக்கிய எலும்புகள் சிலவே; கீழ்க்காலெலும்பு 2 மீற்றர் என எழுதப்பட்டது; முதலில் அதனை ஊனுண்ணி என்றனர், பின்னர் நெடுங்கழுத்துத் தாவரவுண்ணி என்றனர்; எலும்புகளோ ஈரத்தில் நொறுங்கி அழிந்தன; எஞ்சியவை வரைபடங்களும் 2022இல் வெளிவந்த பழைய ஒளிப்படங்களுமே. "அடியே இல்லாத இடத்தில் தலையை எங்கே வைப்பது, ஐயா?" என்று மறுத்துவிட்டான். இனப்பெருமை என் கண்ணை மறைத்தது. அவன் கண்ணை மறைக்கவில்லை.

இன்னொரு பெருமையும் நம்மிடத்து உண்டு. யான் பயின்ற மிஷன் பாடசாலையிலே, உலகு தோன்றி 6000 ஆண்டே ஆயிற்றென்று ஓர் ஆசிரியர் கற்பித்தார். நாம் சைவப்பிள்ளைகள் கடைவாங்கில் இருந்து, எம் யுகக்கணக்குக் கோடியைத் தாண்டுமே என்று நகைத்தோம். அந்நகைப்பு அறிவன்று, அவரும் கல்லைப் பார்த்தாரல்லர், நாமும் பார்த்தோமல்லேம். ஊர்வன, பறவை எனப் பிறப்பை வகுத்த நம் முன்னோர் இறகுடைய டைனோசரையும் அறிந்திருந்தனர் என்று மேடையிற் கூறுவாரைக் கண்டால் எனக்கு அக்கடைவாங்கே நினைவுக்கு வரும்.

நண்பர் முடிவாக, "அவ்வாறாயின் திருக்கோயில் விக்கிரகமும் கருதி அமைத்ததுதானோ?" என்றார். அன்று. ஆண்டுச் சிற்பி எலும்பிலிருந்து உருவத்தைக் கணிக்கின்றானல்லன். ஆகமம் விதித்த உருவத்தை வழிபாட்டுக்காக அமைக்கின்றான். அது உரையளவைக்கு உரியது. இரண்டையுங் குழப்புதல் இரண்டுக்குங் கேடு.

கண்காட்சி நாளிலே இறகும் வளையமும் மீண்டும் வந்திருந்தன. உருவத்தின் பக்கத்திலே மாணவன் ஒரு தாளை ஒட்டியிருந்தான்: எலும்பு கண்டது, தசை கருதியது, வால்நிறம் சான்றுகொண்டு கருதியது, மறுப்புமுண்டு. நண்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதனை முழுதும் வாசித்து, "கண் மட்டும் ஏன் மஞ்சள்?" என்று கேட்டார். மாணவன் தாளின் அடியிலிருந்த கடைசி வரியைச் சுட்டிக்காட்டினான். 'கண்ணின் நிறம் என் விருப்பம்' என்றிருந்தது.