சந்திரனில் கேட்ட பாங்கு

சந்திரனில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ரோங் அங்கே ஓர் ஓசையைக் கேட்டார். பிற்காலத்தில் கெய்ரோவில் அதே ஓசையைக் கேட்டு, அது பாங்கு என்றறிந்து இஸ்லாத்தைத் தழுவினார். இந்தக் கதையைக் கேளாத முஸ்லிம் கிராமம் நமது நாட்டில் உண்டா என்பது சந்தேகமே. பயான்களிலும் கல்யாண வீடுகளிலும் நானும் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் எல்லோரும் வேறொருவர் சொல்லக் கேட்டவர்கள்தாம்.

ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் இறங்கியது 1969 ஜூலையில். எண்பதுகளின் தொடக்கத்தில் எகிப்து, மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளில் இக்கதை பரவியிருந்தது. 1983 மார்ச்சில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் முஸ்லிம் நாடுகளிலிருந்த தன் தூதுவராலயங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியது: அவர் மதம் மாறவில்லை, எவர் மனதையும் புண்படுத்தும் எண்ணமும் அவருக்கில்லை. 2005இல் மலேசியாவுக்குச் சென்றபோதும் அவர் மறுத்தார். 2012இல் காலமானார். (ஒஹாயோ மாநிலத்தில் லெபனான் என்ற ஊரருகே அவர் வாழ்ந்தார், அந்தப் பெயர் மயக்கமும் கதைக்கு உரமாயிற்று என்பாருமுண்டு.)

மறுப்பு வந்ததும் கதை அதையும் விழுங்கிக்கொண்டது. அமெரிக்கா அவர் வாயைக் கட்டிவிட்டதாம். மறுத்தால் அச்சம், மௌனமாயிருந்தால் சம்மதம் என்றாகிவிட்டால் அந்த மனிதர் எதைச் சொல்லித் தப்புவது?

ஒலி பரவ ஓர் ஊடகம் வேண்டும் என்று ஒன்பதாம் தரத்தில் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "அப்ப ஆம்ஸ்ட்ரோங்குக்கு பாங்கு எப்படி சேர் கேட்டிருக்கும்?" என்றாள். நான் வாய் திறக்குமுன் பின்வாங்கிலிலிருந்து ஒருவன், "அது அல்லாஹ்ட குத்றத்" என்றான். அல்லாஹ் நாடினால் எதுவும் நடக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் இங்கே கேள்வி, நடக்குமா என்பதல்ல, நடந்ததா என்பதே. அதற்குச் சாட்சி ஒரேயொருவர். அவர் இல்லை என்கிறார்.

ஷஹாதா என்பதே சாட்சியம். ஒருவருக்காக இன்னொருவர் அதை மொழிய முடியாது. அவர் மொழியாததை அவர் பெயரில் நாம் மொழிவது இஸ்லாத்துக்குச் செய்யும் சேவையாம்! நல்ல நோக்கத்தோடு பொய் சொன்னவர்கள் நமது வரலாற்றுக்குப் புதியவர்களல்லர். மக்கள் குர்ஆனை விட்டு விலகுகிறார்களே என்ற கவலையில் அபூ இஸ்மா என்பவர் ஸூராக்களின் சிறப்புகள் பற்றி ஹதீஸ்களை இட்டுக்கட்டினார் என்று ஹதீஸ் கலை நூல்கள் கூறுகின்றன. இமாம்கள் அவரது நோக்கத்தை மெச்சவில்லை. அவரது அறிவிப்புகளைத் தள்ளினார்கள். வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை மிம்பரில் ஓதும் நாம், இமாம்கள் காட்டிய அந்தக் கண்டிப்பை ஏன் கைவிட்டோம்? விண்வெளி வீரர் ஒருவரின் சான்றிதழ் கிடைத்தால் நமது ஈமானுக்குப் பெறுமதி கூடும் என்ற தாழ்வுணர்வுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. கடலாய்வாளர் ஜக் கூஸ்தோவையும் இப்படித்தான் முஸ்லிமாக்கினோம். அவரது இறுதி ஆராதனை 1997இல் பாரிஸின் நோத்ர டாம் தேவாலயத்தில் நடந்தது.

"நல்ல கதைதானே மாஸ்டர், யாருக்கு நட்டம்?" என்றார் எங்களூர்ப் பெரியவர் ஒருவர். நட்டம் அந்த மாணவிக்குத்தான். இக்கதை பொய்யென்று நாளை அவள் எங்கேனும் வாசிப்பாள். அதே மிம்பரிலிருந்து, அதே குரலில் கேட்ட மற்றவற்றில் எதை நம்புவது, எதை விடுவது என்று அவளுக்கு யார் பிரித்துக் கொடுப்பது?