யாருடைய சாவகாசம்?

மெதுவாகப் பயணம் செய்வது இப்போதெல்லாம் ஓர் ஒழுக்கம்போலவே பேசப்படுகிறது. எட்டு நாளில் ஆறு நாடு பார்த்துவிட்டு வருகிறவரை நாம் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறோம். பஸ்ஸில் ஏறு, இறங்கு, படம் எடு, மறுபடியும் ஏறு. அதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்கிறோம். ஒரே ஊரில் பத்து நாள் தங்கி, காலையில் முச்சந்திக் கடையில் காப்பி குடித்து, மத்தியானம் ஊரே கதவைச் சாத்தித் தூங்கும்போது தானும் தூங்கி, சாயங்காலம் மலைச்சரிவில் காலாற நடக்கிறவர்தான் உண்மையான பயணி என்று ஓர் எழுதாத விதி இருக்கிறது. பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் இத்தாலியில் 24 நாள்களை அப்படித்தான் கழித்தேன். தோஸ்கானா, உம்பிரியா, லாட்சியோ என்று மூன்றே மாநிலங்கள். வாடகைக் கார் கிடையாது. உள்ளூர்ப் பேருந்து, எல்லா நிலையத்திலும் நிற்கிற ரயில், மிச்சத்துக்குக் கால். இப்படிப் போகிற எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருக்கும். அந்த மிதப்புக்கு நியாயம் உண்டா?

நிதானத்தை ஓர் இயக்கமாக்கிய நாடே இத்தாலிதான். 1986இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து கார்லோ பெட்ரினியின் 'ஸ்லோ ஃபூட்' வளர்ந்தது. 1999இல் ஒர்வியேத்தோ உட்பட நான்கு ஊர்கள் சேர்ந்து 'சித்தாஸ்லோ' என்ற நிதான நகரங்களின் கூட்டமைப்பைத் தொடங்கின. இரண்டுக்கும் சின்னம் நத்தை. நல்ல சின்னம்தான். ஆனால் நத்தை தன் வீட்டைத் தானே சுமக்கிறது. நான் தங்கிய வீடுகளை வேறு யாரோ சுமந்திருக்கிறார்கள்.

சியனா நகர மாளிகையில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338, 1339 ஆண்டுகளில் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. ஒன்பது பேர் கூடி நகரத்தை ஆண்ட அறை அது. ஒரு சுவரில் நல்லாட்சி, அதன் பக்கத்தில் நல்லாட்சியில் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்ற காட்சி, எதிர்ச்சுவரில் கெட்ட ஆட்சி. நாட்டுப்புறக் காட்சிக்கு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். காவலாளி இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நகர வாசலிலிருந்து ஒரு சாலை கீழே இறங்குகிறது. பணக்காரர்கள் குதிரைமேல், கையில் வல்லூறுடன், வேட்டையாடிப் பொழுதுபோக்கப் போகிறார்கள். அதே சாலையில் ஒரு குடியானவன் பன்றியை ஓட்டிக்கொண்டு மேலே வருகிறான். கருப்பு உடம்பு, தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை. அந்த இனப் பன்றியை அங்கே இன்னும் வளர்க்கிறார்கள். சாலைக்கு அப்பால் அறுவடை நடக்கிறது, கதிர் அடிக்கிறார்கள், திராட்சைத் தோட்டத்தில் குனிந்து நிற்கிறார்கள். ஓய்வும் உழைப்பும் ஒரே சாலையில் எதிரெதிராக வருகின்றன. ஒன்றை ஒன்று நிறுத்திக் கேட்பதில்லை.

இவர்கள் எல்லாருக்கும் மேலே பாதுகாப்பு என்ற சிறகு முளைத்த பெண் மிதக்கிறாள். ஒரு கையில் சுருள். இவள் ஆளும்வரை யாரும் பயமின்றி நடக்கலாம், உழலாம், விதைக்கலாம் என்பதாக அதில் எழுதியிருக்கிறது. இன்னொரு கையில் தூக்குமரம், அதில் ஒரு மனிதன் தொங்குகிறான். லொரென்செத்தி எதையும் மறைக்கவில்லை. காலாற நடப்பதற்கு ஒரு தூக்குமரம் தேவைப்படுகிறது என்று வெளிப்படையாகவே வரைந்துவிட்டார். என் சிவப்புக் கடப்பிதழைக் குடிநுழைவு முகப்பில் நீட்டியபோது ஒரு கேள்வி இல்லாமல் முத்திரை விழுந்தது. மலேசியர்களுக்கு 90 நாள் விசா வேண்டாம். பக்கத்து வரிசை நகரவே இல்லை.

சியனாவுக்குத் தெற்கே வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு. நாள்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அலையலையான குன்றுகள், வரிசையாகச் சைப்ரஸ் மரங்கள், குன்றின் தலையில் தனியாக ஒரு கல்வீடு. 2004இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கல்வீடு ஏன் ஊரோடு ஒட்டாமல் வயலுக்கு நடுவே தனியாக நிற்கிறது என்ற கேள்விக்கு மெட்சாத்ரியா என்பதுதான் பதில். நம்ம ஊர் மொழியில் பாதிவாரம். நிலமும் வீடும் முதலாளியுடையவை, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குடும்பத்தை நிலத்தின் மேலேயே குடிவைத்தால்தான் சூரியன் விழும்வரை வேலை வாங்க முடியும். அதனால் வீடு வயலில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் மாடு, மேல்தளத்தில் மனிதர்கள். நான் தங்கிய அறை கீழ்த்தளம். சுவரில் தீவனத்தொட்டி இருந்த இடத்தில் இப்போது புத்தக அலமாரி.

சான் கிரீக்கோ என்ற சிற்றூரில் காப்பிக்கடை நடத்தும் பெண் தன் தாத்தாவின் பேச்சை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். எண்பதைத் தாண்டியவர். அப்படியொரு வீட்டில் பிறந்து, இருபது வயதில் மரச்சாமான் தொழிற்சாலை வேலைக்கு ஓடிப்போனவர். கிறிஸ்துமஸுக்குச் சேவல், ஈஸ்டருக்கு முட்டை என்று முதலாளி வீட்டுக்குத் தனியாகக் கொடுக்கவேண்டுமாம். கதிரடிக்கும் நாளில் மேலாள் வந்து தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாராம். மழை பெய்தால் அந்தக் களிமண் காலை விடாது, பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த வீட்டை இப்போது ஜெர்மன்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள். நல்லவர்கள் என்றார். நீச்சல்குளம் கட்டியிருக்கிறார்கள். இவர் பிள்ளையாக இருந்தபோது குடிதண்ணீர் ஒரு கிலோமீட்டர் தள்ளி.

பால்மரம் சீவியவளின் மகன் நான். விடியும் முன்னே பெரட்டுக்களத்தில் வரிசை நின்ற அம்மாவையும், கணக்குப் புத்தகத்தோடு நின்ற கிராணியையும் நினைக்காமல் அந்தத் தராசுக் கதையைக் கேட்க முடியவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் விட்டுப்போன வீடுகள் கோடிக்கணக்கில் விலை போகின்றன. எங்கள் லயத்தை ஒரே வாரத்தில் இடித்துவிட்டு வீடமைப்புப் பகுதி கட்டினார்கள். கல்லில் கட்டப்பட்டவர்களின் துயரம் அழகாக மிஞ்சுகிறது, பலகையில் கட்டப்பட்டவர்களுடையது மிஞ்சுவதில்லை.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் அந்தக் குன்றை எப்படிப் பார்ப்பது? இரண்டு பதில்கள் சுலபமாகக் கிடைக்கும். ஒன்று, உலகத்தில் எல்லா அழகும் அப்படித்தான் உண்டாச்சு, விடுங்க, வந்த இடத்தில் ரசிச்சுட்டுப் போங்க. இது பொய்யல்ல, சோம்பேறித்தனம். இன்னொன்று, குற்றவுணர்ச்சி. படித்தவர்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கு இதன்மேல்தான் அதிக சந்தேகம். செத்துப்போன குடியானவனுக்காக வருந்துவதில் ஒரு செலவும் இல்லை. வைனோடு சேர்த்து அதையும் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாம். மேலும், அந்தக் குடியானவர்கள் என் கண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை. போருக்குப்பின் போராடித் தங்கள் பங்கை 53 சதவீதமாக்கினார்கள். 1964இல் வந்த சட்டம் அதை 58 ஆக்கி, புதிய பாதிவார ஒப்பந்தங்களுக்கே தடை போட்டது. மிச்சப் பேர் நிலத்தை விட்டே போனார்கள். தங்கள் கணக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

பழைய ரோமானியர்களிடம் ஓய்வுக்கு 'ஓத்தியும்' என்று ஒரு சொல் இருந்தது. வேலைக்கு அவர்கள் வைத்த சொல் 'நெகோத்தியும்', அதாவது ஓய்வு இல்லாமை. ஓய்வுதான் முதல், வேலை அதன் குறை. எவ்வளவு உயர்ந்த எண்ணம்! ஆனால் வேளாண்மை பற்றி எழுதிய கேட்டோ, வயதான அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்றுவிடச் சொன்னார். அந்த ஓய்வும் இந்த விற்பனையும் ஒரே வீட்டில் நடந்தவை. சாவகாசத்தைப் பற்றிய கேள்வி அது மெதுவா வேகமா என்பதல்ல. நான் உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் எனக்காக நிற்பது யார் என்பதுதான். இது இறந்தகாலத்தில் கேட்கும் கேள்வியே இல்லை.

ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கடலோரப் பக்கமாகப் போகும் மெதுரயில் லத்தீனா வழியாகப் போகிறது. சதுப்பு நிலத்தை வடித்து முசோலினி அரசு 1932இல் உண்டாக்கிய ஊர். சன்னலில் சைப்ரஸ் இல்லை. கண்ணுக்கெட்டியவரை பிளாஸ்டிக் கூடாரங்கள், உள்ளே காய்கறி. அங்கே வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள். ஆள் பிடித்து, வண்டியில் ஏற்றி, கூலியில் வெட்டு எடுக்கும் இடைத்தரகருக்கு இத்தாலியில் 'கப்போராலே' என்று பெயர். இத்தாலிய வாசகருக்கு இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். நமக்கு ஒரே சொல் போதும்: கங்காணி. 2016இல் இதற்கு எதிராகக் கடுமையான சட்டம் போட்டார்கள். 2024 ஜூனில் அதே லத்தீனா வட்டாரத்தில் ஒரு பஞ்சாபித் தொழிலாளியின் கை இயந்திரத்தில் துண்டானது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் தங்கியிருந்த வீட்டருகே இறக்கிவிட்டுப் போனார்கள். வெட்டுண்ட கை ஒரு பழப்பெட்டியில். இரண்டு நாளில் இறந்தார்.

எந்தப் பயணக் கையேடும் லத்தீனாவில் இறங்கச் சொல்வதில்லை. இதைச் சொல்லும்போது இத்தாலிக்காரர்களை மட்டும் சுட்டுவதாக நினைக்கவேண்டாம். நாம் தோட்டத்து நினைவுகளை எழுதுகிறோம், பால்வாளியின் படத்தைப் பகிர்ந்து கலங்குகிறோம். அதே வாரம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நம் எச்சில் இலையை எடுப்பவர் வங்காளதேசத்திலிருந்து வந்தவர். முதலாளி நம்மவர். அவருடைய கடப்பிதழ் யார் மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. கேட்பவர்களையும் அதிகம் பார்த்ததில்லை. அம்மா தலைமுறையின் துயரம் நமக்குச் சொத்தாகிவிட்டது. அவர் படும் பாடு செய்தியாகக்கூட ஆகவில்லை.

நிதானத்துக்கு ஏதாவது பயன் இருந்தால், நினைத்த இடத்தில் இறங்க முடியும் என்பதுதான். லத்தீனாவுக்கு அடுத்தடுத்து வரும் சின்ன நிலையங்களில் ஒன்று பிரிவெர்னோ-ஃபொசனோவா. பழைய மடம் ஒன்றைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கினேன். நிலையத்துக்கு வெளியே சைக்கிளோடு ஒரு பஞ்சாபி இளைஞர். சினிமா இந்தியில் நானும் பொறுமையான இந்தியில் அவரும் பேசினோம். இத்தாலிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறதாம். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ரோமை இன்னும் பார்க்கவில்லையாம். நான் 24 நாள் என்றதும், "என்ன வேலையா வந்தீங்க, அங்கிள்ஜி?" என்றார். வேலை இல்லை, சும்மா என்பதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரிந்திருந்தும் உடனே வாயில் வரவில்லை.

அந்த மடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தாமஸ் அக்குவினாஸ் என்று ஒரு பெரிய தத்துவஞானி 1274இல் அங்கே இறந்துபோனார் என்றேன். அந்த ஊர்க்காரரா என்றார். இல்லை, வழிப்போக்கர், தூரதேசம் போகும் வழியில் உடம்பு முடியாமல் போய்விட்டது என்றேன்.

"யார் பாத்துக்கிட்டாங்க?"

மடத்திலிருந்த துறவிகள், அவர்கள்தான் உள்ளே அழைத்துப் படுக்கவைத்தார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். மடத்துக்குப் போகும் சாலையைக் கையால் காட்டிவிட்டு, ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் எதிர்ப்பக்கம் போனார். மத்தியானம்வரை அவருக்கு வேலை இருந்தது.